வெள்ளம் வந்த மாதம்

ஆறு தண்ணீர் தந்தது, வண்டல் தந்தது, மனிதன் அலைந்து திரிவதை விட்டுக் கரையில் தங்கினான், நாகரிகம் பிறந்தது என்பது நாம் பள்ளிப் பாடநூல்களில் படித்த விளக்கம். அதில் பிழை என்று சொல்ல எதுவும் இல்லை; ஆனால் அதைக் கொண்டு எதையும் விளக்கிவிடவும் முடியாது. அமேசானிலும் காங்கோவிலும் தண்ணீருக்குக் குறைவில்லை, டான்யூப் கரையில் வண்டலுக்கும் பஞ்சமில்லை. ஆயினும் எழுத்தும் வரிக்கணக்கும் செங்கல் நகரமும் முதன்முதலில் தோன்றியது, மழை மிகக் குறைந்த நிலங்களின் ஊடே ஓடிய சில ஆறுகளின் கரைகளில்தான். அந்த ஆறுகளும் ஒன்றைப் போல் மற்றொன்று நடந்துகொள்ளவில்லை. எகிப்தையும் தென் ஈராக்கையும் சிந்துவெளியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எவ்வளவு வெள்ளம் வந்தது என்பதைக் காட்டிலும், அது எந்த மாதத்தில் வந்தது என்ற கேள்விதான் நம்மை நெடுந்தூரம் அழைத்துச் செல்கிறது.

இந்த மூன்று நிலங்களுக்கும் சோறு போட்ட பயிர்கள் கோதுமையும் பார்லியும். இரண்டும் மேற்காசியாவில் மனிதன் வசப்படுத்திய குளிர்காலப் பயிர்கள். அக்டோபர், நவம்பரில் விதைத்து, மார்ச் முதல் மே வரைக்குள் அறுவடை செய்ய வேண்டியவை. கோடை வெயிலில் அவை நிற்காது என்பதால் இந்தக் கால அட்டவணையை உழவன் தன் விருப்பப்படி மாற்ற இயலாது. ஆகவே, விதைப்புக்குச் சற்று முன்னால் வெள்ளம் வந்து வடிந்தால் அது வரம். கதிர் முற்றி நிற்கும்போது வந்தால் அது சேதம்.

நைலுக்கு அந்த வரம் வாய்த்திருந்தது. ஏறத்தாழ 6,650 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆற்றுக்கு ஆண்டு முழுவதும் ஓரளவு சீரான நீரைத் தருவது ஆப்பிரிக்க ஏரிகளிலிருந்து வரும் வெள்ளை நைல். வெள்ளத்தைத் தருவதோ எத்தியோப்பிய மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் நீல நைலும் அத்பராவும். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை பொழிகிறது. அந்த மழைநீர் எரிமலைப் பாறைகள் சிதைந்த கரிய மண்ணைச் சுமந்துகொண்டு, மழையே அறியாத எகிப்துக்குள் ஜூன் இறுதியில் நுழையத் தொடங்கி, ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் உச்சம் எட்டி, அக்டோபருக்குள் வடிந்துவிடும். விதைப்புக்காக நிலத்தை யாரோ கணக்குப் பார்த்து நனைத்து வைத்ததைப் போன்ற ஏற்பாடு அது. பழைய எகிப்தியர் ஆண்டை வெள்ளக்காலம், நிலம் வெளிப்படும் காலம், அறுவடைக்காலம் என்று மூன்றாகப் பிரித்ததில் வியப்பில்லை. அவர்களுடைய ஆட்சி நாட்காட்டியில் முப்பது நாள் மாதங்கள் பன்னிரண்டும் கூடுதலாக ஐந்து நாட்களும் இருந்தன. லீப் நாள் இல்லாததால் அது நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நழுவிக்கொண்டே போயிற்று. ஆறு நழுவவில்லை. விடியலுக்குச் சற்றுமுன் கீழ்வானில் சிரியஸ் விண்மீன் மீண்டும் தலைகாட்டும் நாட்களை ஒட்டி வெள்ளமும் வந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்ட ஆற்றிடம் மனிதன் செய்ய வேண்டிய வேலை குறைவு. வெள்ளச் சமவெளியைக் குறுக்குக் கரைகளால் பெரிய பாத்திகளாகப் பிரித்து, வந்த நீரை ஒன்றரை மாதம், இரண்டு மாதம் நிறுத்திவைத்து, மண் ஊறியதும் அடுத்த பாத்திக்கோ ஆற்றுக்கோ திறந்துவிட்டால் போதும். ஈரமண்ணில் விதை தூவினால் அறுவடை வரை மறுபடி நீர் பாய்ச்ச வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. இந்த எளிய முறைக்குள் இன்னொரு நன்மையும் ஒளிந்திருந்தது. குறுகிய பள்ளத்தாக்கில் கோடையில் நிலத்தடி நீர் ஆற்றோடு சேர்ந்து இறங்கிவிடும். பின்னர் வரும் வெள்ளம் மேல்மண்ணில் தேங்கிய உப்பைக் கரைத்துக் கீழே தள்ளிவிடும். ஆண்டுதோறும் புது வண்டல் படிவதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் உப்பு கழுவப்பட்டதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. எகிப்திய வேளாண்மை பல ஆயிரம் ஆண்டு தளராமல் நின்றதற்கு முதலாவதைவிட இரண்டாவதே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதனால் நைல் ஆபத்தில்லாத ஆறு என்று ஆகிவிடாது. வெள்ளம் வரும் காலம் உறுதி. அதன் உயரம் உறுதியில்லை. அதனால்தான் அஸ்வான் அருகிலுள்ள எலிஃபன்டைன் தீவிலும் பிற இடங்களிலும் ஆற்று மட்டத்தை அளக்கும் படிக்கட்டு அளவைகளைக் கட்டினார்கள். பலெர்மோ கல்வெட்டு என்று இன்று அழைக்கப்படும் அரச ஆண்டுப் பதிவில் முதல் வம்ச மன்னர்களின் காலத்திலிருந்தே வெள்ள உயரம் முழம், சாண், விரல் கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கிறது. உயரம் தெரிந்தால் எவ்வளவு நிலம் நனையும் என்று தெரியும். நனையும் நிலம் தெரிந்தால் வரியும் தெரிந்துவிடும். ரோமானிய எழுத்தாளர் பிளினி, பன்னிரண்டு முழம் என்றால் பட்டினி என்று தொடங்கிப் பதினாறு முழம் என்றால் கொண்டாட்டம் என்று முடிக்கிறார்; அதாவது, ஒரு நாட்டின் பட்டினிக்கும் கொண்டாட்டத்துக்கும் இடையிலிருந்த தூரம் நான்கே முழம். பிரமிடுகளைக் கட்டிய ‘பழைய அரசு’ சிதைந்த காலத்தில், கி.மு. 2100-ஐ ஒட்டி, தென் எகிப்தின் ஒரு பகுதியை ஆண்ட அங்க்திஃபி என்ற தலைவன் தன் கல்லறைச் சுவரில், மேல் எகிப்து (தென் எகிப்து) முழுவதும் பசியால் செத்துக்கொண்டிருந்ததாகவும் மக்கள் தம் பிள்ளைகளையே தின்றதாகவும் எழுதி வைத்தான். தன் கொடையைப் பெரிதாக்கிக் காட்ட அவன் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் மிகைப்படுத்துவதற்குக் கூட ஒரு பஞ்சம் வேண்டுமல்லவா?

ஆற்றின் வடிவமும் அரசியலைத் தீர்மானிப்பதில் பங்கு வகித்தது. அஸ்வானிலிருந்து முக்கோணப் படுகைத் தொடக்கம் வரை நைல் கிளை பிரியாத ஒற்றைக் கோடு. நீரோட்டம் வடக்கே இழுக்கும், காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசும். எனவே பாயை இறக்கினால் வடக்கே போகலாம், ஏற்றினால் தெற்கே போகலாம். எழுத்திலும் தெற்குப் பயணத்துக்குப் பாய் விரித்த படகையும் வடக்குப் பயணத்துக்குப் பாய் சுருட்டிய படகையும் வரைந்தார்கள். இருபுறமும் பாலைவனம், தெற்கே பாறைத் தடைகள், வடக்கே கடல். இந்த ஒற்றைக் கோட்டைக் கைப்பற்றியவன் நாட்டையே கைப்பற்றிவிடுகிறான், கி.மு. 3100 வாக்கில் அதுதான் நடந்தது.

டைக்ரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளுக்கு வந்தால் அந்தக் கால அட்டவணை தலைகீழாகிறது. இரண்டும் கிழக்குத் துருக்கியின் மலைகளில் பிறப்பவை. அவற்றைப் பெருக்கெடுக்கச் செய்வது கோடை மழை அன்று. குளிர்கால மழையும் வசந்தத்தில் உருகும் பனியும்தான். ஆகவே வெள்ளம் ஏப்ரலிலும் மே மாதத்திலும் வருகிறது. அப்போது தென் ஈராக்கில் பார்லிக் கதிர் முற்றி நிற்கிறது. விதைப்புக்குத் தண்ணீர் தேவைப்படும் இலையுதிர் காலத்திலோ ஆறு மெலிந்து அடிமட்டத்தில் கிடக்கிறது. வேண்டாதபோது வந்து குவியும், வேண்டும்போது கைக்கு எட்டாது. தென் ஈராக்கின் பழைய நகரங்களில் வாழ்ந்த சுமேரியர் இந்த ஆறுகளோடுதான் வாழப் பழகினார்கள். அவர்களுடைய வாய்க்கால்களும் கரைகளும் கண்காணிப்பாளர்களும் சண்டைகளும் பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மையிலிருந்து பிறந்தவை.

நிலத்தின் தட்டைத்தன்மை சிக்கலைப் பெருக்கியது. பாரசீக வளைகுடாவிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பாக்தாத், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 34 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. இவ்வளவு மெதுவான சரிவில் ஆறு தன் மண்ணைத் தன் படுகையிலேயே போட்டுக்கொண்டு, நூற்றாண்டுகள் செல்லச் செல்லச் சுற்றியுள்ள வயல்களைவிட உயர்ந்துவிடும். அது உழவனுக்கு ஒருவகையில் வசதி: கரையில் ஒரு வாய் வெட்டினால் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும். ஆனால் கரை உடைந்தால் ஆறே வயலுக்குள் இறங்கிவிடும். சில சமயம் திரும்பி வராமல் புதிய தடத்தில் ஓடத் தொடங்கும், பழைய கரையிலிருந்த நகரம் நாதியற்றுப் போகும். கி.மு. 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாபிலோன் மன்னன் ஹம்முராபியின் சட்டத்தில், தன் கரையைப் பலப்படுத்தாமல் சோம்பியிருந்தவனுடைய பகுதியில் உடைப்பெடுத்து அடுத்தவர் பயிர் மூழ்கினால் அவன் தானியத்தால் ஈடு கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால் அவனையும் அவன் உடைமைகளையும் விற்றுப் பணத்தைப் பாதிக்கப்பட்டவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒரு கரையைக் கவனிக்கத் தவறியதற்கு மனிதனையே விற்கலாம் என்றால், அந்தக் கரைகளின்மேல் எவ்வளவு தொங்கிக்கொண்டிருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் உள்ள தகராறு எவ்வளவு பழையது என்று கேட்பவர்களுக்கு லகாஷ், உம்மா ஆகிய இரு சுமேரிய நகரங்களின் கதையைச் சொல்லலாம். இரண்டுக்கும் இடையில் இருந்த வளமான ஒரு வயல்வெளிக்காகவும் அதன் எல்லை வாய்க்காலுக்காகவும் அவை தலைமுறை தலைமுறையாகப் போரிட்டன. மேல்பக்கம் இருந்தது உம்மா. கி.மு. 2450 வாக்கில் லகாஷ் மன்னன் எயன்னாத்தும் தன் வெற்றியைக் கல்லில் செதுக்கி வைத்தான். வீழ்ந்தவர்களின் தலைகளைக் கழுகுகள் கொத்திச் செல்லும் அந்தக் கல்லின் உடைந்த பகுதிகள் இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளன. வெற்றியால் தகராறு தீரவில்லை. உம்மா எல்லை வாய்க்கால் நீரைத் திருப்பிவிடுவதும் லகாஷ் படையெடுப்பதுமாகக் காலம் கழிய, பின்னர் வந்த மன்னன் என்தெமெனா உம்மாவின் தயவே வேண்டாம் என்று டைக்ரிஸிலிருந்து புதிய கால்வாய் ஒன்றைக் கொண்டுவந்தான்.

இங்கேதான் கதை திரும்புகிறது. 1958-இல் தோர்கில்ட் ஜேக்கப்சன், ராபர்ட் ஆடம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், அந்தத் தாராளமான டைக்ரிஸ் நீரே லகாஷின் நிலத்தைக் கெடுத்தது என்று வாதிட்டனர். பாய்ச்சிய நீர் வடிய வழியில்லாத தட்டை நிலத்தில் நிலத்தடி நீர்மட்டம் மேலே ஏறும். வேர்மட்டத்தை நெருங்கியதும் வெயில் அதை உறிஞ்சி ஆவியாக்கும். நீர் போகும், உப்பு தங்கும். நைலைப் போல அதைக் கழுவிச் செல்ல உரிய காலத்தில் வரும் வெள்ளம் இங்கே இல்லை. நிலம் களராகிறது. அவர்கள் காட்டிய சான்று தானியக் கணக்குகள்: கி.மு. 3500 வாக்கில் கோதுமையும் பார்லியும் சம அளவில் விளைந்த தெற்கில், கி.மு. 2500 வாக்கில் கோதுமை ஆறில் ஒரு பங்காகவும், கி.மு. 2100 வாக்கில் நூற்றுக்கு இரண்டாகவும் சுருங்கி, கி.மு. 1700 வாக்கில் மறைந்தேவிட்டது. பார்லி உப்பைத் தாங்கும், கோதுமை தாங்காது. பார்லியின் விளைச்சலும் அதே காலத்தில் இறங்கியதாக அவர்கள் கணக்கிட்டனர். மார்வின் பவல் போன்றோர் பின்னாளில் இந்தக் கணக்குகளைக் கேள்விக்குட்படுத்தினர். சுமேரியர் நிலத்தை ஓராண்டு விட்டு ஓராண்டு தரிசாகப் போட்டு, ஆழவேர்க் களைகளை வளரவிட்டு நிலத்தடி நீரைக் கீழே இறக்கும் வழியை அறிந்திருந்தார்கள் என்பதும் உண்மை. தெற்கின் வீழ்ச்சி முழுவதற்கும் உப்பைப் பொறுப்பாக்குவது மிகை. உப்பு அங்கே ஓயாத எதிரியாக இருந்தது என்பதில் ஐயமில்லை.

கல்லும் மரமும் உலோகமும் இல்லாத நிலம் அது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். களிமண் மட்டும் எல்லையின்றிக் கிடந்ததால் வீடும் கோயிலும் களிமண், ஒரு காலத்தில் அரிவாளும் சுட்ட களிமண், எழுதும் பலகையும் களிமண். கி.மு. 3300-ஐ ஒட்டி உருக் நகரில் கிடைத்த மிகப் பழைய பலகைகளில் பெரும்பாலானவை தானியம், ஆடு, கூலி ஆகியவற்றின் கணக்குகள். இல்லாத பொருள்களுக்காக வெளியே போக வேண்டியிருந்ததால், அக்காத் நகரின் துறையில் மெலுஹாவிலிருந்து வந்த கப்பல்கள் நின்றதாகச் சார்கோன் மன்னன் பெருமை பேசும் நிலை வந்தது. மெலுஹா சிந்துவெளியே என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு.

நைலுக்கும் ஈராக்கின் ஆறுகளுக்கும் உள்ள குணவேறுபாடு தெய்வங்களிலும் தெரிகிறது. எகிப்தியர் தம் வெள்ளத்தை ஹாபி என்ற பெயரில், தொந்தியும் கொழுத்த மார்புமாக, உணவுத் தட்டு ஏந்திய உருவில் வரைந்தார்கள். சுமேரியர் சொன்னதோ, தேவர்கள் மனித குலத்தை அழிக்க அனுப்பிய பெருவெள்ளத்தின் கதை. அதில் ஒரு மனிதன் மட்டும் படகு கட்டித் தப்புகிறான். நிலவியலிலிருந்து புராணத்தை நேரடியாகக் கறந்துவிட முடியாது. ஆனாலும் ஏப்ரலில் வெள்ளம் பார்த்தவர்களுக்கும் ஆகஸ்டில் வெள்ளம் பார்த்தவர்களுக்கும் வெள்ளம் ஒரே பொருளைத் தந்திருக்காது.

பெரிய நீர்ப்பாசனமே சர்வாதிகார அரசைப் பெற்றெடுத்தது என்று 1957-இல் கார்ல் விட்ஃபோகல் முன்வைத்த கோட்பாடு இன்றும் அவ்வப்போது திரும்பி வருகிறது. எகிப்தின் சான்று அதற்கு எதிரானது: பாத்திப் பாசனம் ஊர் அளவில், வட்டார அளவில் நடந்தது என்றும் பாரோவின் அரசு அதை மையத்திலிருந்து நடத்தவில்லை என்றும் ஆய்வாளர் கார்ல் புட்சர் எடுத்துக்காட்டினார். ஆடம்ஸ் செய்த கள ஆய்வுகளும், ஈராக்கில் தொடக்கக் கால வாய்க்கால்கள் சிறியவை, பெரும் கால்வாய்கள் அரசு தோன்றிய பிறகே வந்தவை என்று காட்டின. வாய்க்காலைத் தோண்ட அரசு தேவைப்படவில்லை. விளைந்ததை அளந்து எடுத்துக்கொள்ளத்தான் அது வந்தது என்று சொன்னால் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

சிந்து ஆறு இவ்விரண்டில் எதையும் போன்றதன்று. இமயப் பனியுருகலும் தென்மேற்குப் பருவமழையும் அதில் ஒன்றுசேர, வெள்ளம் ஜூலை, ஆகஸ்டில் உச்சம் தொட்டு இலையுதிர் காலத்தில் வடிகிறது. காலம் என்ற அளவில் அது நைலைப் போலக் கோதுமைக்கு ஏற்றது. வடிந்த நிலத்தில் பெரிய வாய்க்கால் இல்லாமலேயே விதைக்கலாம். இதற்கு மேலே, மேற்கிலிருந்து வரும் காற்றலைகள் பஞ்சாபில் குளிர்கால மழையைத் தருகின்றன. கோடை மழையை நம்பிப் பருத்தியும் எள்ளும் சிறுதானியமும் போட முடிகிறது. அளவில்தான் சிந்து அச்சுறுத்துவது: ஆண்டுக்கு நைலைப் போல இரு மடங்குக்கு மேல் நீர் சுமப்பது, சமவெளியில் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருப்பது. மொகஞ்சதாரோவைக் கட்டியவர்கள் அதை அறிந்தே நகரைப் பெரும் மண்மேடைகளின்மேல் எழுப்பினார்கள். சுட்ட செங்கல்லை இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தியதற்கும் ஈரத்தின் அச்சமே ஒரு காரணமாக இருக்க வேண்டும். குடிநீருக்கு அவர்கள் ஆற்றை நம்பவில்லை. அந்த ஒரு நகரில் மட்டும் சுமார் 700 கிணறுகள் இருந்திருக்கலாம் என்று ஜெர்மானிய ஆய்வாளர் மைக்கேல் யான்சன் மதிப்பிட்டார்.

ஆற்றங்கரை நாகரிகம் என்ற சொல்லையே சற்று நிறுத்திக் கேள்வி கேட்க வைப்பது காக்கர்-ஹக்ரா ஆற்றுத்தடம். ஹரியானா, ராஜஸ்தான், பாகிஸ்தானின் சோலிஸ்தான் பாலைவனம் வழியாகச் செல்லும் அந்த வறண்ட தடத்தை ஒட்டி காலிபங்கன் உட்பட நூற்றுக்கணக்கான ஹரப்பா ஊர்கள் இருந்தன. அங்கே இமயத்திலிருந்து வந்த பேராறு ஓடியது, அது வற்றியதால் ஊர்கள் அழிந்தன என்பது நெடுநாள் விளக்கம். ஆனால் 2017-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் ராஜீவ் சின்ஹா, லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சஞ்சீவ் குப்தா ஆகியோர் அடங்கிய குழு, மணல் துகள்களின் வயதை அளந்து, அந்தத் தடத்தில் ஓடிய சட்லஜ் இன்றைக்குச் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே விலகிப் போய்விட்டது என்று காட்டியது. அப்படியானால் நகரங்கள் எழுந்தபோது அங்கே பேராறு இல்லை. பேராறு விட்டுச்சென்ற தாழ்ந்த பள்ளமும், ஆழமில்லாத நிலத்தடி நீரும், பருவமழையில் ஓடும் சிற்றாறுமே இருந்தன. 2019-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்வரை அது வற்றாத ஆறாகவே இருந்தது என்று வாதிட்டதால் விவாதம் முடியவில்லை. என் பார்வையில் 2017 ஆய்வின் விளக்கமே அந்த ஊர்களின் அமைப்போடு கூடுதலாகப் பொருந்துகிறது: பேராறு இருந்த பள்ளத்தின் உள்ளேயே அவர்கள் துணிந்து வீடு கட்டியது, அது திரும்பி வராது என்ற நம்பிக்கையால்தான்.

தோலாவிராவுக்கு ஆறே கிடையாது. கட்ச் உப்புப் பரப்பின் நடுவே, மழைக்காலத்தில் மட்டும் ஓடும் மான்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகளைத் தடுத்து, நகரைச் சுற்றிப் பாறையைக் குடைந்த பெருந்தொட்டிகளில் நீரைத் தேக்கி வாழ்ந்தார்கள். சிந்துவெளியின் உண்மையான திறமை ஓர் ஆற்றை ஆண்டதில் இல்லை, பல வகைத் தண்ணீரைப் பழகியதில் இருக்கிறது.

சீனாவின் மஞ்சள் ஆற்றை இந்த வரிசையில் சேர்ப்பது வழக்கம். அங்கே முதற்பயிர் கோடைமழையில் விளையும் தினை வகை; நிலம் காற்றுக் கொண்டுவந்து குவித்த பொடிமண். எர்லிதோ, அன்யாங் போன்ற பழைய மையங்கள் பேராற்றை ஒட்டியல்லாமல் அதன் துணையாறுகளின் கரைகளில் அமைந்தன. அந்தப் பொடிமண்ணைச் சுமந்து படுகையை உயர்த்திக்கொண்டு அடிக்கடி தடம் மாறும் ஓர் ஆற்றிலிருந்து ஒதுங்கி இருப்பதே அங்கே புத்திசாலித்தனம்.

இன்றைக்கு 4,200 ஆண்டுகளுக்கு முன் மழைமுறைகள் பரவலாகத் தளர்ந்தன. மேகாலயாவின் மாவ்ம்லு குகையில் வளர்ந்த சுண்ணாம்புப் படிவில் அதன் தடம் பதிந்திருப்பதால், நிலவியலாளர்கள் 2018-இல் அன்றிலிருந்து இன்றுவரையான காலத்துக்கே மேகாலயக் காலம் என்று பெயரிட்டனர். ஒரே அடி ஒவ்வோர் இடத்திலும் வேறுவேறு விதமாக விழுந்தது. நைலின் வெள்ளம் தாழ்ந்தபோது எகிப்தின் மைய அரசு உடைந்தது, ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக்குள் மீண்டும் ஒட்டிக்கொண்டது. ஒற்றைக் கோடு அப்படியே இருந்ததே. டைக்ரிஸ், யூப்ரடீஸ் பாயும் மெசபடோமியாவில் மழையை நம்பிய வடக்கில் தெல் லெய்லான் போன்ற நகரங்கள் கைவிடப்பட, வாய்க்காலை நம்பிய தெற்கு தாக்குப்பிடித்தது. சிந்துவெளி மக்கள் கி.மு. 1900-க்குப் பிறகு பெருநகரங்களை விட்டு, மழை ஓரளவு நம்பகமான கிழக்கே சிறுசிறு ஊர்களாகப் பரவினார்கள். நகரங்கள் போயின, எழுத்து போயிற்று, உழவு தொடர்ந்தது.

மாதத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டு இரண்டு சோதனைகளைச் செய்து பார்த்துவிட்டது. 1970-இல் அஸ்வான் பேரணை முடிந்தபின் எகிப்தில் ஆகஸ்ட் வெள்ளம் என்பது இல்லை. ஆண்டு முழுவதும் வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் விளைகிறது. கூடவே நிலத்தடி நீர் ஏறி, சுமேரியர் அறிந்திருந்த அதே உப்பு நைல் படுகை வயல்களில் பூக்கத் தொடங்க, அரசு அப்போதிலிருந்து லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தின் அடியில் வடிகுழாய்கள் பதித்துவருகிறது. சிந்து மாகாணத்தில் 1932-இல் சுக்கூர் அணைக்கட்டு திறக்கப்பட்டு, மொகஞ்சதாரோவைச் சுற்றிலும் பாசன நீர் பரவியது. நிலத்தடி நீர் உயர்ந்து, அதிலுள்ள உப்பு பழைய சுவர்களுக்குள் ஏறி, வெயிலில் படிகமாகி, நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டு நின்ற செங்கற்களைப் பொருக்குப் பொருக்காக உதிர்த்துக்கொண்டிருக்கிறது.